பன்னிரண்டு சி-யில் ஏறிய பாதை

"பாதை ஒரு ஆளைப் பாத்து வச்சிட்டுன்னா, பொறவு அந்த ஆளு..." என்று கங்காதரன் பெரியப்பா தேரிவிளைக் குளத்தங்கரையில் நின்று சொன்னதில் பாதிதான் சுயம்புலிங்கத்துக்கு நினைவிருந்தது, மீதிப் பாதியை அன்றைக்கு வளைவில் திரும்பிய பஸ்ஸின் ஹாரன் கொண்டுபோய்விட்டது, அடுத்த வாரம் அவனை விமானம் கொண்டுபோய்விட்டது, சில வருஷங்களில் பெரியப்பாவையும் காலம் கொண்டுபோய்விட்டது. உலகத்தின் வடக்கு மூலையில், ஏரிகளுக்குப் பேர் வைத்தே மனிதர்கள் களைத்துப்போன ஒரு குளிர்நாட்டில் அவன் இருபது சொச்ச வருஷம் வேலை பார்த்தான். அங்கே ஏரிக்கரைகளில் நடக்கும்போதெல்லாம் அந்த வாக்கியத்தை ஒருமுறை தமிழிலும் ஒருமுறை இங்கிலீஷிலும் முடித்துப் பார்ப்பான், எந்த முடிவும் பெரியப்பாவின் குரலில் உட்காராது.

நாகர்கோவிலுக்குத் திரும்பி வந்தபோது அவன் கொண்டுவந்த சொத்துகளில் அவன் பெரிதாக மதித்தது நடையைத்தான். கணுக்காலை மூடும் ஷூ, மடக்கி நீட்டுகிற கைத்தடிகள், போன வழியைக் கோடாக வரைந்து காட்டும் போன், இவற்றோடு ஒரு கொள்கையும் இருந்தது. காரில் போய் நடக்கிறவன் காரை விட்ட இடத்துக்கே திரும்பியாக வேண்டும், பஸ்ஸில் போகிறவன்தான் ஓரிடத்தில் இறங்கி வேறோரிடத்தில் ஏறலாம், ஆகவே பாதை என்பது பஸ்ஸில் போகிறவனுக்கு மட்டுமே உரியது என்று அவன் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லி, ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஒருவர் தலைமையில் ஏழெட்டுப் பேரைச் சேர்த்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் பன்னிரண்டு சி-யைப் பிடிப்பார்கள், கடைசி ஸ்டாப்பான தேரிவிளையில் இறங்குவார்கள், குளத்தங்கரையில் நடந்து, மடையைத் தாண்டி, மறுகால் ஓடையின் கூடவே போய், ஓடை கடலில் விழுகிற ஆலம்பொழியில் கால் நனைத்து, தாழம்புதர்களின் ஓரமாகக் கடற்கரையில் நடந்து சுற்றி, பொழுது சாய்வதற்குள், கொள்கை ஒரு பக்கம் இருக்க, இறங்கிய இடத்துக்கே பஸ் ஏற வருவார்கள். முழுப் பாதையும் ஒற்றையடிப் பாதை. அதைக் கண்டுபிடித்தவன் தானே என்று சுயம்பு நினைத்துக்கொண்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது அவன் மனைவி அம்பிகா அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "நானும் வாறேன்" என்றாள். அவன் அங்கே இருந்த வருஷமெல்லாம் இங்கே இருந்து, அவன் அம்மாவை வைத்துப் பார்த்து, கடைசிவரை பார்த்து, வீட்டைக் கட்டி முடித்து, மகளைக் கோயம்புத்தூரில் படிக்க அனுப்பியவள் அவள்.

"அந்த ரப்பர் செருப்பையா போட்டுட்டு வாற? பாறை உண்டு. வழுக்கும்."

"எனக்கு வழுக்காது."

பஸ்ஸில் அவள் ரெண்டு பேர் சீட்டின் சன்னலோரம் உட்கார்ந்து, கைக்குட்டையை எடுத்துப் பக்கத்து இடத்தில் போட்டாள். சுயம்பு அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அவள் ஒரு கணம் அவனைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கண்டக்டர் தாசையன் அவனுக்கு டிக்கெட்டைக் கிழித்தார், பெண்களுக்குச் சும்மா கொடுக்கும் டிக்கெட்டை அவளிடம் நீட்டினார், நீட்டும்போது, "ரெம்ப நாளாச்சே எக்கா" என்றார். மூன்று சொல் பேச்சுதான். அந்த நிமிஷத்தில் சுயம்புவின் நெஞ்சுக்குள் நெருஞ்சி முள் அளவுக்கு ஒன்று இறங்கியது.

தேரிவிளையில் எல்லோரும் இறங்கினார்கள், கடைசியாக அம்பிகா இறங்கினாள், அப்போது குளத்தங்கரையில் படுத்துக் கிடந்த பாதை எழுந்து பஸ்ஸின் படிக்கட்டுவரை வந்தது. வீட்டுக்காரியின் சத்தம் கேட்ட பசு தொழுவத்திலிருந்து கழுத்தை நீட்டுவதுபோல, அவசரமில்லாமல், ஓரங்களில் புல் அசைய, மேலே காய்ந்து கிடந்த எருமைச் சாணத்தைச் சிந்தாமல் வந்து அவள் கால்மாட்டில் நின்றது. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அதன்மேல் ஏறினாள். அன்றைக்கு அவள் போன பக்கமெல்லாம் பாதை போயிற்று. வெயில் ஏறினால் மருத மரங்களின் பக்கம் நகர்ந்தது, அவள் தாமரையைப் பார்க்க நின்றால் தண்ணீரின் விளிம்புவரை இறங்கியது, பாறையில் அவளுக்கு மட்டும் படி படியாக மடிந்தது. மற்றவர்கள் அவள் பின்னால் சந்தோஷமாக நடந்தார்கள். சுயம்பு தன் போனைப் பார்த்தான். வழக்கமான கோடு அதன் இடத்தில் கிடந்தது, அவன் அந்தக் கோட்டில் இல்லை.

"கொள்ளாமே, இண்ணைக்குப் பாதை நல்ல மூடுல இருக்கு" என்றார் பேங்க் மேனேஜர்.

திரும்பும்போது நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் மூலம், ஆனால் சுயம்புவுக்கு அது அப்போது தெரியவில்லை. அம்பிகா சன்னலோரம் உட்கார்ந்து கைக்குட்டையைப் போட்டு வைத்திருந்தாள். அவனோ போனில் விழுந்த கோட்டை மேனேஜருக்கு விளக்கிக்கொண்டே முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். பஸ் கிளம்ப டபுள் விசில் கொடுக்கப்போன நேரத்தில் பாதை படியேறி உள்ளே வந்தது. குளத்து முனை முதலில் ஏறி, சீட்டுகளுக்கு நடுவே ஊர்ந்து, அம்பிகாவின் பக்கத்தில் கைக்குட்டை கிடந்த இடத்தில் சுருண்டு உட்கார்ந்தது. மீதி நீளமெல்லாம் பஸ்ஸின் நடுவழியில் மடிந்து படுத்தது. கடல் முனை மட்டும் பின்படிக்கு வெளியே தொங்கியது.

"உள்ள வா, உள்ள வா, படியில தொங்கப்பிடாது" என்று தாசையன் அதட்டினார். அது உள்ளே வந்தது. நாலைந்து நண்டுகள் சீட்டுக்கடியில் ஓடின.

அதற்குப் பிறகு பஸ்ஸில் எழுந்த ஒரே கேள்வி டிக்கெட்டைப் பற்றியது. மீன் சட்டிக்கு லக்கேஜ் உண்டு, ஆட்டுக்கு லக்கேஜ் உண்டு, பாதைக்குச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. ஆளென்று வைத்துக்கொண்டால் ஆணா பெண்ணா என்று பார்க்க வேண்டும். பெண்ணென்றால் சும்மா டிக்கெட் போதும். ஆலம்பொழி மீன்காரிகள் ஒரே குரலில் பெண் என்றார்கள்.

"எத்தன பேரு மிதிச்சாலும் வாயத் தொறக்காமக் கெடக்கு. பின்ன பொம்பளை இல்லாம ஆம்பளையா?" என்று ஒருத்தி கேட்க, பஸ்ஸே சிரித்தது.

முன்சீட்டிலிருந்து சுயம்பு எழுந்தான். "ஆம்பளைதான். பாத்தாலே தெரியல்லியா?" என்றான். அவன் குரல் அவனுக்கே கொஞ்சம் உயரமாகக் கேட்டது. அம்பிகா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை பக்கத்துச் சீட்டில், பாதையின் மேல், சும்மா கிடந்தது.

தாசையன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சும்மா டிக்கெட்டைக் கிழித்துப் பாதையின்மேல் ஒரு கூழாங்கல்லுக்கு அடியில் வைத்தார்.

இப்படித்தான் ஞாயிறு சாயந்தரங்களில் பாதை நாகர்கோவிலுக்கு வருவதும், திங்கள் காலை முதல் பஸ்ஸில் திரும்பிப் போவதும் வழக்கமாயிற்று. தேரிவிளைக்காரர்கள் அதற்குப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. கடைசி ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருந்த ரோசம்மா, ஞாயிறு சாயந்தரம் வந்து வழி கேட்கிறவர்களிடம், "இண்ணைக்குப் பாதைக்கு லீவு. டீ குடிச்சிட்டுக் கரையில இரிங்க, நாளைக்கு வரும்" என்பாள். எருமைகள் அன்றைக்கு மட்டும் குளத்தில் நீந்தி அக்கரை போயின. பொழியில் வலை இழுப்பவர்கள் திங்களன்று கொஞ்சம் தாமதமாகப் போகப் பழகிக்கொண்டார்கள். வழிபாட்டுக்கு வரும் பெண்கள் பாதை இருந்த இடத்தில் புல் முளைத்துவிடாமல் காலால் தேய்த்துவிட்டுப் போனார்கள், திரும்பி வரும்போது அதற்குப் படுக்க இடம் வேண்டுமில்லையா.

நாகர்கோவிலில் அது சுயம்புவின் வீட்டுப் பின்வாசலில் படுத்தது. கதவைத் திறந்து அதன்மேல் கால் வைத்தால், நாலு தென்னையும் துணி காயும் கொடியும் இருக்க வேண்டிய இடத்தில் குளத்தங்கரை வந்துவிடும். சமையலறையில் தாமரை இலை வாசம் அடித்தது. நத்தைகள் கிரைண்டர்மேல் ஏறின. அடுத்த வீட்டு டீச்சர் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, "எக்கா, ஒரு நட போயிட்டு வந்திருகேன், அடுப்புல சோறு கெடக்கு" என்று பின்வாசல் வழியாக இறங்கிப்போய், பொழியில் கால் நனைத்துவிட்டுச் சோறு பொங்குவதற்குள் திரும்பினாள். தெருவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் எல்லோரும் வந்தார்கள். பால்காரர் வந்தார். எல்லோரையும் அது குளத்துக்குக் கொண்டுபோயிற்று, கடலுக்குக் கொண்டுபோயிற்று, திருப்பிக் கொண்டுவந்து விட்டது. சுயம்பு ஒருவன் கால் வைத்தால் மட்டும் நேராகப் பின்மதிலுக்குப் போய் முருங்கை மரத்தடியில் நின்றுவிடும்.

அவன் ஷூவோடு முயன்றான், வெறுங்காலோடு முயன்றான், யாரும் பார்க்காதபோது ஓடிக்கூடப் பார்த்தான். மதில்தான் வந்தது. மதிலில் கை வைத்து நின்றுகொண்டு, அம்பிகா தூரத்தில் குளத்தங்கரையில் தனியாக நடந்துபோவதை, அவள் அதனிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பதை அவன் கேட்டான். பார்க்க முடியவில்லை, கேட்க மட்டும் முடிந்தது. அவன் திரும்பி வந்ததிலிருந்து அவனிடம் அவள் அப்படிச் சிரித்ததில்லை. சாப்பாடு போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். இருபது வருஷத்துப் பேச்சை அவள் எங்கோ போட்டு வைத்திருக்கிறாள், தான்தான் அதற்கு உரியவன், காத்திருந்தால் எடுத்துத் தருவாள் என்று அவன் நம்பியிருந்தான். அதெல்லாம் இந்த ஒற்றையடிப் பாதைக்குப் போய்க்கொண்டிருந்தது. படுக்கையில் அவள் பாதங்களில் ஒட்டியிருந்த குளத்து மண்ணை அவன் கல்யாண வீட்டில் தன் பேர் விட்டுப்போன பத்திரிகையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பெரியப்பாவின் வாக்கியத்தை இப்போது சுலபமாக முடிக்க முடிந்தது: பொறவு அந்த ஆளு நமக்கில்ல.

ஒரு புதன்கிழமை அவன் தன் கொள்கையை வீட்டில் வைத்துவிட்டு ஒரு குட்டியானை வண்டி பிடித்தான். தலையில் மஞ்சள் பெயின்ட் அடித்த கருங்கல் துண்டுகளை ஏற்றிக்கொண்டு தேரிவிளைக்குப் போனான். அந்தக் குளிர்நாட்டில் பாதைகளுக்கு இப்படித்தான் அடையாளம் வைப்பார்கள், நடக்கிறவர்களுக்கு உபகாரம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். உச்சி வெயிலில் பாதை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் இரண்டு ஓரத்திலும் கல்லை ஊன்றிச் சம்மட்டியால் அடித்தான். முதல் அடிக்கு அது ஈயை உதறும் மாட்டுத்தோல்போல ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. மடைவரைக்கும் அடித்தான், பொழிவரைக்கும் அடித்தான். இனி அது எங்கும் எழுந்து வராது.

அந்த ஞாயிறு பாதை பஸ்ஸுக்கு வரவில்லை. அம்பிகா படியில் நின்று பார்த்தாள், இறங்கவில்லை, அதே பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

கற்களைப் பார்த்த தேரிவிளைக்காரர்களுக்கு யார் அடித்தது என்று தெரியாது. வரிசையாக மஞ்சள் தலை தெரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் அவர்களுக்குத் தெரியும். பக்கத்து ஊரில் இப்படித்தான் கல் முளைத்தது, கல் முளைத்த மறுமாசம் தென்னையும் வாழையும் போயிற்று, அதற்கு மறுமாசம் வீடு போயிற்று. "நாலுவழிச் சாலைக்காரன் அளந்துட்டுப் போயிருக்கான்!" என்று ரோசம்மா டீ அடிக்கிற குவளையைத் தூக்கிக்கொண்டே கத்தினாள். கடப்பாரைகள் வந்தன. கோயில் ஆளுகளும் சர்ச் ஆளுகளும் சேர்ந்து, ஒரு காலைப்பொழுதில், ஒவ்வொரு கல்லாக நெம்பிக் குளத்தில் எறிந்தார்கள். கடைசிக் கல் போனதும் பாதை எழுந்தது. இரண்டு ஓரமும் பல் பிடுங்கிய ஈறாகக் குழி குழியாக இருக்க, யாரையும் பார்க்காமல், நொண்டிக்கொண்டே போயிற்று. மேற்கே போனதைப் பார்த்தவர்கள் உண்டு. பொழியில் இறங்கியதைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் உண்டு.

பாதை இல்லாததற்கும் ஊர் பழகிக்கொண்டது. அம்பிகா பழகவில்லை. பின்வாசலைச் சாத்தினாள். கூடத்தில் கிடந்த மண்ணைப் பெருக்காமல் விட்டாள். சுயம்பு ஒருநாள் அதைப் பெருக்கப்போய், விளக்குமாற்றோடு நின்று, வைத்துவிட்டான். கல்லைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை, அவன் விரல் நகங்களில் மஞ்சள் பெயின்ட் இன்னும் இருந்தது. போட்டிக்கு ஆளில்லாமல் போனால் பொறாமை போய்விடும் என்று அவன் நினைத்திருந்தான். அது போகவில்லை, பெரிதாயிற்று. இருந்த ஒன்றோடு போட்டி போடலாம், இல்லாத ஒன்றை அவள் நினைத்துக்கொண்டிருப்பதோடு எப்படிப் போட்டி போடுவது? அவனே தேடக் கிளம்பினான். எந்தெந்த பஸ் எந்தெந்தக் குளத்துக்குப் போகுமோ எல்லாவற்றிலும் ஏறினான், எந்தெந்தக் கடற்கரையில் கடைசி ஸ்டாப் இருக்குமோ எல்லாவற்றிலும் இறங்கினான். எல்லா ஊரிலும் பாதைகள் இருந்தன. ஒன்றும் அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடைசியில் தேரிவிளைக்கே வந்து ரோசம்மா கடை பெஞ்சில் உட்கார்ந்தான். பன்னிரண்டு சி-யை மரத்தடியில் போட்டுவிட்டுத் தாசையன் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா தப்பா எடுக்கப்பிடாது" என்றார் தாசையன். "நீங்க வெளிநாட்டுல கெடந்தப்பமே எக்கா இந்த வண்டில ஏறும், கேட்டியளா. வாரம் தவறாது. சன்னல்ல உக்காந்து பக்கத்துச் சீட்டுல கைக்குட்டையப் போட்டுரும். வண்டி பிதுங்கும், மீன்காரிமாரு ஏசுவாளுவ. யாருக்காக்கும் எடம்னு நான் கேப்பேன். வருவாவன்னு சொல்லும். கடைசி ஸ்டாப் வந்தாலும் ஒருத்தரும் வரமாட்டாவ."

"நீங்க வந்த பொறவு அவ வாறதையே நிறுத்திட்டா" என்றாள் ரோசம்மா.

சுயம்பு கிளாஸைக் கீழே வைத்தான். "அப்பமும் பாதை இவகூட பஸ்ஸுல ஏறுமா?"

"ஏறவே ஏறாது" என்றாள் அவள். "படி வரைக்கும் வரும். உள்ள எட்டிப் பாக்கும், திரும்பிரும். அந்த எடம் வேற ஆளுக்குள்ளதுன்னு அதுக்குத் தெரியாமலா இருக்கும்? அண்ணைக்கு நீங்க முன்சீட்டுல போயி இருந்துட்டியளே. எடம் சும்மாத்தான கெடந்துது."

அவன் தன் வாழ்நாளில் பல பேரைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருந்தான், தன்னோடு படித்தவர்களை, தனக்கு முன்னால் வீடு கட்டியவர்களை, ஒரு பாதையைக்கூட. ஓட்டை விழுந்த ரெக்ஸின் போட்ட ஒரு பஸ் சீட்டில் இருபது வருஷம் ஊர் பூராவும் சுற்றி வந்த, கைக்குட்டையின் அடியில் இருந்த, தன் பேரை உடைய அந்த மனிதனைப் பார்த்து இப்போதுதான் முதல்முறையாகப் பொறாமைப்பட்டான்.

வீட்டுக்கு வந்து, "ஞாயித்துக்கெழம பன்னெண்டு சி-க்குப் போவமா?" என்று கேட்டான்.

அம்பிகா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "அங்க என்ன இருக்கு? அதான் போயிட்டுல்லா."

"நான்தான் கல்லடிச்சேன்."

"தெரியும்" என்றாள். "ஒங்க நகத்துலயே இருக்கு." பிறகு அரிவாள்மணையைச் சாய்த்து வைத்தாள். "பெரியப்பா என்னையக் கரையில வச்சு ஒருநாள் பாத்தாவ. ஒங்க அம்மை ஆசுபத்திரில கெடந்த சமயம். சொன்னாவ: பாதை ஒரு ஆளைப் பாத்து வச்சிட்டுன்னா, பொறவு அந்த ஆளு அதத் தேடிக்கிட்டு அலையப்பிடாது பிள்ளே, எடத்தப் போட்டு வச்சுக்கிட்டு இருக்கணும்."

அவன் பாதிச் சொல்லோடு இருபது வருஷம் நடந்திருந்தான். மீதிப் பாதி இந்தச் சமையலறையில் இருந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வடசேரியில் பன்னிரண்டு சி வளைந்து வரும்போதே கூட்டம் அதன் பின்னால் ஓடியது. சுயம்பு கைத்தடிகளைக் கொண்டுவரவில்லை. கூட்டத்தோடு கூட்டமாக ஓடி, தோளில் கிடந்த துண்டைச் சன்னல் வழியாக உள்ளே எறிந்தான். துண்டு மூணு பேர் சீட்டில் விழுந்தது. அம்பிகா ஏறி, பக்கத்தில் காலியாக இருந்த ரெண்டு பேர் சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, மூணு பேர் சீட்டின் சன்னலோரம் போய் உட்கார்ந்தாள். மீன்காரிகள் வெறும் சட்டிகளோடு ஏறினார்கள், பேங்க் மேனேஜர் முன்சீட்டில் தன் பக்கத்தைத் தட்டிக் காட்டி, "வாரும்வே" என்றார். பஸ் நிரம்பியது.

"அண்ணாச்சி, உள்ள தள்ளி இரிங்களேன், ஆளு நிக்காவல்லா" என்று ஒருத்தி சத்தம் போட்டாள்.

"எடத்துக்கு ஆளு உண்டு" என்றான் சுயம்பு.

"எங்க? வரட்டும் பாப்போம்!"

அம்பிகா சன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் அவள் உதடு ஓரத்தில் ஏதோ அசைந்ததை அவன் பார்த்தான். அது தனக்கா, அந்த நொண்டிப் பயலுக்கா என்று தெரியாமல், பழைய முள் பழைய இடத்தில் ஒருமுறை குத்தியது. தாசையன் பையைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார்.

சுயம்புலிங்கம் நடு இடத்தில் துண்டை விரித்துப் போட்டான், ஒரு தொடை வெளியே தொங்க ஓரத்தில் உட்கார்ந்தான், தேரிவிளைக்கு ரெண்டு ஆம்பளை டிக்கெட் கேட்டான்.